எல்லாம் ஏற்றி வந்த லினக்ஸ்: யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். படம் வரைய, பாட்டு பதிவு பண்ண, வீடியோ எடிட் பண்ண, கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ண வேண்டிய மென்பொருள் எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்தி, ‘படைப்பாளிகளுக்கான லினக்ஸ்’னு ஒரு பேர் வச்சுக் கொடுக்கிறாங்க. உபுண்டு ஸ்டூடியோ, ஏவி லினக்ஸ், ஃபெடோரா டிசைன் சூட் எல்லாம் அந்த ரகம். இதனால நிஜமாவே பிரயோஜனம் உண்டா? இல்ல, சாதாரண உபுண்டுவோ டெபியனோ போட்டுட்டு, வேணுங்கிற நாலஞ்சு மென்பொருளை நாமே இறக்கிக்கிட்டா போதுமா?

கேட்கும்போது கம்ப்யூட்டர் பைத்தியங்களோட டீக்கடைச் சண்டை மாதிரி தெரியும். ஆனா நான் அனந்தபுரத்துக்காரன். செஞ்சிப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற ஒரு பேரூராட்சி. அங்கேயிருந்து பார்த்தா இது வேற கேள்வியா மாறும். தமிழ்நாடு அரசு 2011-லேர்ந்து 50 லட்சத்துக்கும் மேல இலவச லேப்டாப் கொடுத்திருக்கு. 2025-26 பட்ஜெட்ல இன்னும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ கொடுப்போம்னு அறிவிச்சாங்க. அந்த மெஷின் உள்ள என்ன ஏத்தி வருது, அதை வச்சு ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும், அது செஞ்சதைப் பக்கத்து டவுன் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வாங்கிப்பாரா? சிலருக்கு இதுல பிழைப்பே இருக்கு. அதனால இந்தக் கதையை ஆரம்பத்துலேர்ந்து பார்ப்போம்.

கோட்டையும் களஞ்சியமும்

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருப்பீங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, மூணையும் சேர்த்து வளைச்ச மதில். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’னு 12 கோட்டைகளை ஒண்ணா எடுத்தாங்க, அதுல மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிறது செஞ்சி மட்டும்தான்.

அங்கே போறவங்க பெரும்பாலும் மேல ஏறிப் படம் எடுத்துட்டு வந்துடுவாங்க. நான் காட்ட விரும்பறது கீழே இருக்கிற நெற்களஞ்சியங்கள். பெரிய பெரிய கட்டடம், கனமான சுவர். பக்கத்துலேயே குளங்கள். 1690-ல முகலாயப் படை சுல்ஃபிகர் கான் தலைமையில இந்தக் கோட்டையை முற்றுகை போட்டுச்சு. உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம். கோட்டை கடைசியா விழுந்தது 1698-ல. விட்டு விட்டுத்தான் முற்றுகை நடந்தது, நடுவுல பேரமும் நடந்தது, எல்லாம் சரி. ஆனாலும் அத்தனை வருஷம் தாக்குப் பிடிக்க, மதில் மட்டும் பத்தாது. சோறும் தண்ணியும் உள்ளேயே இருக்கணும்.

களஞ்சியம் எப்போ தேவை? வெளியேயிருந்து சரக்கு வராதப்போ. தினமும் சந்தை கூடுற ஊர்ல, வீட்டுல எட்டு வருஷத்து நெல்லைக் கொட்டி வச்சா எலிதான் கொழுக்கும். எல்லாம் ஏத்தி வந்த லினக்ஸோட வரலாறும் கிட்டத்தட்ட இதேதான். முற்றுகைக் காலத்துக்குன்னு கட்டின களஞ்சியம் அது. இன்னைக்கும் முற்றுகை இருக்கான்னுதான் நாம கேட்கணும்.

நெட் இல்லாத காலம்

2000-ங்களோட ஆரம்பத்தை நினைச்சுப் பாருங்க. டயல்-அப் இணைப்பு. ஒரு பாட்டு இறங்கவே அரை மணி நேரம். லினக்ஸ் வேணும்னா யாராவது சி.டி. கொடுக்கணும். 2003 பிப்ரவரியில ‘லினக்ஸ் ஃபார் யூ’ன்னு இந்தியாவுல ஒரு பத்திரிகை வந்துச்சு, இதழோட சி.டி.யும் சேர்த்துக் கொடுப்பாங்க. பத்திரிகையைவிட அந்த சி.டி.க்காக வாங்கினவங்க நிறைய. 2005-லேர்ந்து 2011 வரைக்கும் உபுண்டுகாரங்க கேட்டவங்களுக்கெல்லாம் இலவசமா தபால்ல சி.டி. அனுப்பினாங்க. தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிற இயங்குதளம்! இன்னைக்கு இருபது வயசுல இருக்கிறவங்களுக்கு இது புராணக் கதை மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்துல ‘மென்பொருளை அப்புறம் இறக்கிக்கலாம்’ங்கிற பேச்சே கிடையாது. வட்டுல இருந்தா உண்டு, இல்லேன்னா இல்ல. அதனால வட்டுல என்ன ஏத்தறாங்கங்கிறதே பெரிய முடிவு.

இசைக்காரங்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்துச்சு. அதைக் கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா இந்தக் கதையோட முக்கால்வாசி அதுலதான் இருக்கு. கீபோர்டை கம்ப்யூட்டர்ல சொருகி வாசிக்கிறீங்கன்னு வச்சுக்கலாம். நீங்க கட்டையை அழுத்தின உடனே சத்தம் வராது. கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாத்தான் கையாளும். ஒரு வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்குதுன்னு வைங்க. 1,024 மாதிரியை ஒரு துண்டாச் சேர்த்து அனுப்பினா, ஒரு துண்டுக்கே 21 மில்லி செகண்ட் ஆயிடும். 256-ஆக் குறைச்சா 5 மில்லி செகண்ட் சொச்சம். துண்டு சின்னதா இருந்தாத்தான் வாசிக்கிறவருக்குக் கைக்கும் காதுக்கும் ஒட்டும். ஆனா துண்டு சின்னதானா, கம்ப்யூட்டர் ஒவ்வொரு 5 மில்லி செகண்டுக்கும் தவறாம வந்து அதை வாங்கிக்கணும். அந்த நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க்குல எதையோ எழுதப் போயிட்டா, ‘டிக்’னு ஒரு வெடிப்புச் சத்தம். பதிவு பாழ்.

சாதாரண லினக்ஸ் கர்னல் அப்போ இந்த மாதிரி நேரந்தவறாமைக்கு எழுதப்பட்டது இல்ல. தனியா ஒட்டு வேலை பண்ணி, கர்னலை நாமே தொகுக்கணும். மிருதங்கம் கத்துக்க வந்தவரைத் தோல் பதனிடச் சொன்ன மாதிரி. இதைச் செஞ்சு கொடுக்கத்தான் தனித் தொகுப்புகள் பிறந்தன.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட கணினி இசை மையம் ‘பிளானட் கர்மா’ன்னு ஒரு தொகுப்பு வச்சிருந்தது. முழு இயங்குதளம் இல்ல, ரெட் ஹேட் மேல ஏத்திக்கிற மென்பொருள் மூட்டை. ஐரோப்பாவுல 2002-ல ‘அக்னுலா’ன்னு ஒரு திட்டம் தொடங்குச்சு. ஐரோப்பிய ஆணையமே பணம் கொடுத்தது. ஃபுளோரன்ஸ், பாரிஸ், பார்சிலோனான்னு இசை ஆய்வு மையங்கள் சேர்ந்து, டெபியன் மேல ஒண்ணு, ரெட் ஹேட் மேல ஒண்ணுன்னு இசைக்கான லினக்ஸ் செஞ்சாங்க. இத்தாலியிலேர்ந்து ‘டைன்போலிக்’ வந்துச்சு. பழைய கம்ப்யூட்டர்ல சி.டி.யைப் போட்டா போதும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். காசில்லாத கலைஞர்களுக்கும் தெருவுல போராடறவங்களுக்கும்னு சொல்லித்தான் அதைச் செஞ்சாங்க. அப்புறம் 64 ஸ்டூடியோ, ப்யூர்டைன், ஆர்ட்டிஸ்ட் எக்ஸ்னு வரிசையா வந்தன. 2007 மே மாசம் உபுண்டு ஸ்டூடியோவோட முதல் பதிப்பு 7.04 வெளியானது.

இந்தத் தலைமுறைத் தொகுப்புகள் பிரயோஜனமா இருந்துச்சான்னு கேட்டா, சந்தேகமே இல்லாம ஆமா. சி.டி. போட்ட அஞ்சாவது நிமிஷம், ஒருத்தர் பாட்டுப் பதிவு பண்ண முடிஞ்சது. அதுக்கு முன்னாடி அது ஒரு வார வேலை.

வித்தியாசம் கரைஞ்ச கதை

அப்புறம் என்ன ஆச்சு? இந்தத் தொகுப்புகள் மட்டும் கொடுத்துட்டிருந்த விசேஷங்கள் ஒவ்வொண்ணா எல்லாருக்குமான லினக்ஸுக்குள்ள போயிடுச்சு.

ஒலியை மென்பொருளுக்கு மென்பொருள் கடத்த, பால் டேவிஸ் எழுதின ‘ஜாக்’னு ஒரு ஏற்பாடு இருந்தது. அருமையான வேலை, ஆனா அதை முடுக்கி விடறதே ஒரு கலை. பாட்டுப் பதிவுக்கு ஜாக்கை ஓட்டினா, யூடியூப் சத்தம் நின்னு போகும். விம் டைமன்ஸ் எழுதின ‘பைப்வயர்’ ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு. 2021 ஏப்ரல்ல ஃபெடோரா 34-லயும், 2022 அக்டோபர்ல உபுண்டு 22.10-லயும் அதுவே இயல்பான ஒலி அமைப்பா வந்தாச்சு. கர்னலோட நேரந்தவறாமைக்கான அந்த ஒட்டு வேலை இருக்கே, அது இருபது வருஷம் வெளியவே காத்திருந்துட்டு, 2024 நவம்பர்ல வந்த லினக்ஸ் 6.12-ல மூலக் கர்னலுக்குள்ளயே சேர்ந்துடுச்சு.

மென்பொருள் பக்கமும் அப்படித்தான். ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிருத்தா, பிளெண்டர், கேடென்லைவ், ஆர்டோர் எல்லாம் எந்த லினக்ஸ்லயும் ரெண்டு சொடுக்குல இறங்குது. பிளெண்டர், கிருத்தா எல்லாம் விண்டோஸ்லயும் அப்படியே ஓடுது. 2025 மார்ச்சுல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின லாட்வியா நாட்டுப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டர்ல செஞ்சது. அது எந்த இயங்குதளத்துல செஞ்சாங்கன்னு யாரும் கேட்கல, கேட்கவும் தேவையில்ல.

இந்த மாற்றத்தோட விளைவைத் தொகுப்புகளே காட்டிக் கொடுக்குது. அக்னுலா, 64 ஸ்டூடியோ, ப்யூர்டைன், ஆர்ட்டிஸ்ட் எக்ஸ் எதுவும் இன்னைக்கு இல்ல. கேஎக்ஸ் ஸ்டூடியோ முழு இயங்குதளமா இருந்தது, இப்போ வெறும் மென்பொருள் களஞ்சியமா மாறிடுச்சு. உபுண்டு ஸ்டூடியோவே 2019 தொடக்கத்துல அதிகாரபூர்வ அந்தஸ்தை இழக்கிற நிலைமைக்கு வந்தது. காரணம் என்ன தெரியுமா? மென்பொருளைப் பதிவேத்த உரிமை உள்ள ஆள் அந்தக் குழுவுல இல்ல. அவ்வளவுதான். தன்னார்வலர் ரெண்டு மூணு பேர் விலகினா, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவங்க நம்பியிருக்கிற ஒரு தொகுப்பு தள்ளாடும். நல்லவேளை, தப்பிச்சது. அதுக்கப்புறம் அவங்களே ஒரு புத்திசாலித்தனமான வேலை செஞ்சாங்க. ஏற்கெனவே ஓடிட்டிருக்கிற உபுண்டு மேல ஸ்டூடியோ மென்பொருளையும் அமைப்பையும் மட்டும் ஏத்திக்க ஒரு நிறுவி கொடுத்தாங்க. அதாவது, கோட்டையோடதான் களஞ்சியம் வரும்னு இல்ல. களஞ்சியத்தை மட்டும் கழட்டித் தருவோம்னு சொல்லிட்டாங்க.

இதை வச்சு, ‘அப்போ எல்லாம் முடிஞ்சது, இனிமே இந்தத் தொகுப்புகள் வேண்டாம்’னு சொல்லிடலாமா? சென்னையில ஃபைபர் இணைப்பு வச்சிருக்கிற ஒருத்தருக்கு அப்படிச் சொல்லிடலாம். ஆனா நம்ம ஊர்க் கதையைப் பார்த்துட்டு அப்புறம் முடிவுக்கு வருவோம்.

அரசு கொடுத்த பெட்டியில என்ன இருந்தது

லினக்ஸ் விஷயத்துல தமிழ்நாடு பின்தங்கின மாநிலம் இல்ல. 2006, 2007 வாக்குல எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர், அந்த அலுவலகத்தையே சூசி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாத்தினார். அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கும் அது போச்சு. அதே நேரத்துல சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் மேல ‘பாஸ் லினக்ஸ்’ உருவாக்குச்சு. 2007-ல வெளிவந்தது. இந்திய மொழிகள்ல மெனு, எழுத்துரு, தட்டச்சு எல்லாம் ஏத்தி வந்த தொகுப்பு. பள்ளிகளுக்குன்னு ‘எடுபாஸ்’னு தனிப் பதிப்பும் செஞ்சாங்க.

2011 செப்டம்பர் 15-ல இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினப்போ, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்த மெஷின்தான் கொடுத்தாங்க. திறந்தா ரெண்டுல எது வேணும்னு கேட்கும். லட்சக்கணக்கான கிராமத்து வீடுகளுக்கு இப்படி லினக்ஸ் போய்ச் சேர்ந்தது உலகத்துலேயே அபூர்வமான விஷயம்.

அப்புறம் என்ன நடந்தது? எங்க ஊர்ப் பக்கம் நான் பார்த்த வரைக்கும், அந்த லினக்ஸ் பகுதி பெரும்பாலும் அழிஞ்சு போய், படம் போட்டு வைக்கிற இடமாச்சு. பிள்ளைங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். டெபியன் களஞ்சியத்துல ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி எல்லாம் சும்மாவே கிடந்துச்சு. ஆனா அதை இறக்க நெட் வேணும். ஜியோ வந்தது 2016 செப்டம்பர்ல. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம், ஒரு டாங்கிளை ரீசார்ஜ் பண்ணி நூத்துக்கணக்கான எம்.பி. இறக்கறது ஒரு விவசாயக் கூலி வீட்டுல நடக்கிற காரியமா? விண்டோஸ் பக்கமோ, பென் டிரைவ்ல யாரோ கொடுத்த திருட்டு போட்டோஷாப் ஓடுச்சு. பக்கத்து அண்ணன் அதைத்தான் சொல்லித் தருவார். அப்புறம் யாரு லினக்ஸைத் திறப்பா?

யோசிச்சுப் பாருங்க, இதுதான் உண்மையான முற்றுகை. நெட் இல்ல, சொல்லித்தர ஆள் இல்ல. ஒரு படைப்புத் தொகுப்பு ஏத்தி வந்திருந்தா அதிகப் பிரயோஜனமா இருந்திருக்கக்கூடிய இடம் 2011-ல அனந்தபுரம்தான். லண்டன் இல்ல. ஆனா வந்தது அலுவலக வேலைக்கான தொகுப்பு.

இன்னொரு முரண்பாடும் உண்டு. 2018-ல புதுப் பாடத்திட்டம் வந்தப்போ, பதினொண்ணாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்துல உபுண்டுவும் ஓப்பன் ஆஃபீஸும் இருந்தது. நல்ல விஷயம். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் வந்தது. அதுல பக்க வடிவமைப்புக்குன்னு ஒரு பாடம்: அடோபி பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-ல. அந்தப் பாடத்தைப் படிக்கிற பிள்ளை பிறந்ததே அதுக்கப்புறம்தான்! அது லினக்ஸ்ல ஓடாது, காசு கொடுத்தாலும் புதுசா வாங்க முடியாது. லேப்டாப் ஒரு திசை, புத்தகம் ஒரு திசை. பெட்டியில என்ன ஏத்தி வந்தாலும், பரீட்சைக்கு வர்றது வேறன்னா, பிள்ளை எதைத் திறக்கும்?

ஃப்ளெக்ஸ் கடை வாசல்

பாடத்தை விடுங்க. ஒரு பையனோ பொண்ணோ தானாவே இங்க்ஸ்கேப் கத்துக்கிட்டு, காதுகுத்துப் பத்திரிகை ஒண்ணு அழகாப் பண்ணிட்டாங்கன்னு வைங்க. அதை அச்சடிக்கணும். செஞ்சியிலயும் விழுப்புரத்துலயும் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடை, ஆஃப்செட் கடை பலதுலயும் ஓடறது கோரல் டிராவும் போட்டோஷாப்பும். ‘கோரல் ஃபைல் இருக்கா தம்பி?’ன்னுதான் முதல்ல கேட்பாங்க.

இங்கே மூணு முட்டுக்கட்டை. முதலாவது, எழுத்து. கடைகள்ல பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள்தான் புழக்கம். ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வச்ச ஏற்பாடு அது. 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு நேரத்துல, தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக்கிடுச்சு. ஆனா பழைய கோரல்லயும் போட்டோஷாப்லயும் யூனிகோட் தமிழை ஒட்டினா, ‘கொ’வுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறி நிக்கும். அதனால கடைக்காரர் பாமினியை விட மாட்டார். சுவாரசியம் என்னன்னா, இந்த விஷயத்துல லினக்ஸ் பக்கம் முன்னாடியே ஜெயிச்சிருந்தது. ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்தைக் கோக்க ‘பேங்கோ’ன்னு ஒரு நூலகத்தைப் பயன்படுத்துது, அது தமிழை ஒழுங்காக் கோக்கும். கம்ப்யூட்டர்ல தமிழை நேரா எழுதி டிசைன் பண்ண, காசில்லாத மென்பொருள் காசுள்ளதைவிட மேலா இருந்த காலம் ஒண்ணு உண்டு. அதை யாரும் நம்ம ஊர்ல சொல்லல.

ஆனா அதே லினக்ஸ் பக்கம் ஸ்க்ரைபஸ் சறுக்கிச்சு. புத்தகம், நோட்டீஸ் வடிவமைக்க அதுதான் மென்பொருள். அதோட நிலையான 1.4 வரிசையில தமிழ் உடைஞ்சு போகும். ஓமன் நாட்டுல ஒரு குழு அரபி மொழிக்காக அந்த வேலையைச் செஞ்சு கொடுக்க, 2017-ல வந்த 1.5.3 சோதனைப் பதிப்புல தமிழுக்கும் வழி திறந்துச்சு. நிலையான பதிப்பா, 1.6-ஆ, அது எல்லாருக்கும் வந்தது 2024 ஜனவரியில. அதுவரைக்கும் ‘பதிப்புத் தொழிலுக்கான எல்லாம் உள்ளே இருக்கு’ன்னு நிலையான ஸ்க்ரைபஸை ஏத்தி வந்த தொகுப்புல, தமிழ்க்காரருக்கு அந்த ‘எல்லாம்’ இல்ல. தொகுத்தவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. வேற மொழிக்காரங்க நமக்காகக் கட்டுற மூட்டையில இந்த மாதிரி ஓட்டை இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

ரெண்டாவது முட்டுக்கட்டை, நிறம். அச்சு மெஷினுக்கு நாலு மை நிறம் வேணும். ஜிம்ப் ரொம்ப காலம் திரை நிறத்துல மட்டும்தான் வேலை பார்த்தது. 2025 மார்ச்சுல வந்த 3.0-லதான் அச்சு நிறத்துக்கான வசதி ஓரளவு மேம்பட்டிருக்கு. கிருத்தாவும் ஸ்க்ரைபஸும் இதை முன்னாடியே செய்யும். மூணாவது, ஃபைல். இதுக்கு வழி ஈசி: எழுத்தை வடிவமா மாத்தி, பி.டி.எஃப்.பாக் கொடுத்துட்டா எந்தக் கடையும் வாங்கிக்கும். ஆனா இந்த மூணையும் எந்தத் தொகுப்போட மெனுவும் சொல்லித் தராது. ஐம்பது ஐகான் வரிசையா நிக்கும். காதுகுத்துப் பத்திரிகைக்கு எதைத் திறக்கணும், எப்படிச் சேமிக்கணும், கடையில போய் என்ன சொல்லணும்? இதை ஒரு மனுஷர்தான் சொல்லணும்.

பக்கத்து மாநிலத்துல வேலை செஞ்சது

மூட்டை கட்டறது வேலை செய்யவே செய்யாதான்னா, செய்யும். கேரளாவைப் பாருங்க. 2001-ல தொடங்கின ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பள்ளிகளுக்குன்னே ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கி, வருஷா வருஷம் பராமரிச்சுது. இப்போ ‘கைட்’ங்கிற அரசு நிறுவனம் அதைப் பார்த்துக்குது. 2019-ல உபுண்டு 18.04 அடிப்படையில புதுப் பதிப்பைப் போட்டு, 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு போனாங்க. அதுல படம் வரைய, அனிமேஷன் செய்ய, ஒலி பதிய, மலையாளத்துல தட்டச்சு செய்யன்னு எல்லாம் உள்ளேயே இருக்கும். உரிமக் கட்டணத்துல சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு அப்போ சொன்னாங்க.

தொகையைவிட எனக்கு முக்கியமாப் படறது இதுதான்: பாடப்புத்தகத்துல இருக்கிற மென்பொருளும் லேபுல இருக்கிற மென்பொருளும் ஒண்ணு. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதே மென்பொருள்ல. 2018-ல ‘லிட்டில் கைட்ஸ்’னு மாணவர் மன்றம் தொடங்கி, அனிமேஷன், மலையாளக் கணிமைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. மூட்டையைக் கட்டினவங்களுக்கு, அதை அவிழ்க்கப்போற பிள்ளை யாருன்னு தெரியும். அதுதான் வித்தியாசம்.

இதுக்கு நேர் எதிர்க்கோடியில பெரிய படப்பிடிப்புத் தொழில் இருக்கு. 1997-ல ‘டைட்டானிக்’ படத்துக்கு டிஜிட்டல் டொமைன் நிறுவனம் கணினிக் காட்சிகளைச் செஞ்சப்போ, நூத்துக்கும் மேற்பட்ட ஆல்ஃபா கம்ப்யூட்டர்கள்ல லினக்ஸ் ஓடுச்சு. அன்னையிலேர்ந்து வி.எஃப்.எக்ஸ். தொழில்ல லினக்ஸ் வேரூன்றிடுச்சு. ஆனா அந்த ஸ்டூடியோக்கள் உபுண்டு ஸ்டூடியோவைத் தேடிப் போறதில்ல. ரெட் ஹேட், ராக்கி மாதிரி ஒரு அடித்தளத்தை எடுத்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே ஏத்தி, எல்லா மெஷின்லயும் ஒரே நகலைப் போடுவாங்க. அதுவும் ஒரு மூட்டைதான், சொந்தமாக் கட்டின மூட்டை.

அப்போ என் பதில்

நல்ல நெட் இருக்கு, என்ன செய்யப் போறோம்னு தெளிவா இருக்குன்னா, தனித் தொகுப்பு தேவையில்ல. சாதாரண உபுண்டுவோ, டெபியனோ, ஃபெடோராவோ போடுங்க. டிசைனா? இங்க்ஸ்கேப், கிருத்தா, ஸ்க்ரைபஸ் 1.6. வீடியோவா? கேடென்லைவ். பாட்டா? ஆர்டோர். நாலஞ்சு மென்பொருளை நல்லாக் கத்துக்கிறது, ஐம்பது ஐகானைப் பார்த்து மலைச்சு நிக்கறதைவிட மேல். இசைக்காரர், கர்னல் அமைப்பெல்லாம் தெரியாது, அதுல மண்டையை உடைக்க விருப்பமும் இல்லன்னா, உபுண்டு ஸ்டூடியோ இன்னைக்கும் உங்க நேரத்தை மிச்சம் பண்ணும். அதுக்கு ஒரு நியாயம் மிச்சம் இருக்கு.

ஆனா ஒரு பள்ளி லேபு, ஒரு நூலகம், ரெண்டு நாள் பயிற்சி முகாம், ஒரே டாங்கிள்ல பத்து பேர் உட்கார்ற இடம்னா, ஏத்தி வந்த தொகுப்புதான் சரி. பத்து மெஷின்லயும் ஒரே மெனு இருந்தாத்தான், சொல்லித் தர்றவர் ‘இடப்பக்கம் மூணாவது’ன்னு சொல்ல முடியும். அதை லண்டன்லயோ டொரொன்டோவுலயோ யாரும் கட்டி அனுப்ப மாட்டாங்க. நமக்கு வேண்டிய மூட்டையில ஐம்பது மென்பொருள் வேண்டாம், ஆறு போதும். அதோட மீரா இனிமை, பலூ தம்பி, முக்தா மலர் மாதிரி இலவச யூனிகோட் எழுத்துருக்கள். மீரா இனிமையைச் செஞ்சு கொடுத்தது ஒரு மலையாளக் கணிமைக் குழுங்கிறதையும் சொல்லிடறேன். பாமினியை யூனிகோடா மாத்துற ஒரு கருவி. பத்திரிகை, நோட்டீஸ், பேனர் அளவுல தயார் வார்ப்புகள். கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதை ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதின குறிப்பு. இதுல எதுவும் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

இதைச் செய்ய ஆளும் இருக்காங்க. விழுப்புரத்துல ‘வி-க்ளக்’னு லினக்ஸ் பயனர் குழு பத்து வருஷத்துக்கும் மேல இயங்குது, கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம சொல்லித் தர்றாங்க. 2012-லேர்ந்து ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பத்தித் தமிழ்லயே எழுதிட்டு வருது. 20 லட்சம் லேப்டாப்ங்கிற அறிவிப்புக்குப் பக்கத்துல இவங்க உழைப்பை வச்சுப் பார்த்தா, நடுவுல விடுபட்டது என்னன்னு தெரியும்: அந்தப் பெட்டிக்குள்ள ஏத்தறதை, அதைத் திறக்கப்போற பிள்ளையோட ஊர் ஃப்ளெக்ஸ் கடை வரைக்கும் யோசிச்சு யாராவது தீர்மானிக்கணும்.

உங்க வீட்டுல அலமாரி மேல ஒரு பழைய அரசு லேப்டாப் தூங்கிட்டிருந்தா, இந்த வாரம் இறக்கித் தூசி தட்டுங்க. இலகுவான லினக்ஸ் ஒண்ணைப் போட்டு, இங்க்ஸ்கேப் மட்டும் ஏத்துங்க. வீட்டுல அடுத்து வர்ற விசேஷத்துக்கு ஒரு பத்திரிகை பண்ணி, பி.டி.எஃப்.பா எடுத்துட்டுப் போய் உங்க தெரு அச்சுக் கடையில கேட்டுப் பாருங்க. அவர் என்ன சொன்னார்னு எங்களுக்கு எழுதுங்க.